வயலில் பறவை பார்க்கக் குழுவாகப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைச் சரணாலயங்களுக்குப் போகும் குழுக்கள் பெரும்பாலும் ஏரிக்கரையில் நின்று கூடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையும் கொக்குகளும் அரிவாள் மூக்கனும் இரை தேடுவது சுற்றியுள்ள நெல்வயல்களில். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரம் என்பதால்தான் வேடந்தாங்கல்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பறவைகளைக் காத்துவந்தார்கள். அதனால் ஒரு நாளை வயலுக்கென்றே ஒதுக்கலாம். போவதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் தவறு, பயிர் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்காமல் தேதி குறிப்பது. பெரும்பாலான ஏமாற்றங்கள் இதனால்தான் வருகின்றன. சேடை ஓட்டும், அதாவது நடவுக்காகத் தண்ணீர் கட்டிச் சேறாக்கி உழும் வயலில் டிராக்டர் மண்ணைப் புரட்டப் புரட்ட நத்தை, புழு, தவளை எல்லாம் மேலே வரும். உண்ணிக்கொக்கும் மைனாவும் வண்டியின் பின்னாலேயே நடக்கும். நத்தைகுத்தி சற்றுத் தள்ளிச் சேற்றில் அலகை விட்டுத் துழாவும். நடவு முடிந்து இரண்டு மூன்று வாரம் வரை நாற்றுக்கிடையே மெல்லிய தண்ணீர் தெரியும். பொரி உள்ளான், நெடுங்கால் உள்ளான், வாலாட்டிகளுக்கு அதுதான் காலம். பயிர் மூடிக்கொண்டபின் எதிரே பச்சைச் சுவர்தான். கதிர்க்குருவியின் குரல் கேட்கும், பறவை கண்ணில் படாது. அறுவடையானதும் நிலைமை மறுபடி மாறும்: அறுத்த தாளில் பூச்சி பிடிக்கக் கரிச்சானும் பனங்காடையும் வரும், சிந்திய நெல்லுக்குச் சில்லைகள் இறங்கும், தாழப் பறந்து பூனைப்பருந்து எலி தேடும்.

செங்கல்பட்டுப் பக்கம் சம்பா அறுவடையும் அடுத்த நெல் பட்டமான நவரைக்கான உழவும் ஜனவரியை ஒட்டி அடுத்தடுத்து நடக்கும். வலசைப் பறவைகளும் அப்போது இருக்கும். ஊர் ஆள் ஒருவரிடம் போனில், "சேடை எந்தப் பக்கம் ஓட்டுறாங்க?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது வரப்பு. நடவுக்கு முன் வரப்பின் பக்கத்தைச் செதுக்கிச் சேறு பூசியிருப்பார்கள். அது காய்வதற்குள் பத்துப் பேர் மிதித்தால் சரிந்துவிடும். கட்டிய தண்ணீர் இரவோடு இரவாக அடுத்த வயலுக்கு வடியும், போட்ட உரமும் கூடவே போகும். ஈரம் மின்னும் வரப்பில் யாருமே ஏறக்கூடாது. மற்ற வரப்புகளிலும் வயல்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். மருந்து அடித்திருக்கிறார்களா என்றும் அப்போதே தெரிந்துவிடும். காட்டுப்பன்றிக்காக மின்கம்பி இழுத்திருந்தால் கிட்டப் போகாதீர்கள். எலி இருக்கும் இடத்தில் கண்ணாடிவிரியனும் இருக்கும். கணுக்கால் மூடிய ஷூ கட்டாயம்.

உண்மையில் வரப்பில் வரிசையாக நடப்பதால் பறவை பார்ப்பவருக்கும் லாபமில்லை. முன்னால் போகிறவர் ஒரு மடையானை (குளத்துக் கொக்கு) கிளப்பிவிட்டால் கூடவே பத்துக் கொக்கு எழும்பும். பின்னால் வருகிறவருக்கு முதுகுகள்தான் தெரியும். ஏரிக்கரையிலோ வண்டிப்பாதையிலோ எல்லோரும் பக்கவாட்டில் நின்று பதினைந்து நிமிடம் அசையாமல் பார்ப்பதே மேல். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, கிழக்கிலிருந்து மேற்காக நகருங்கள். எதிர் வெளிச்சத்தில் எல்லாக் கொக்கும் கறுப்பு நிழல்தான். சிவப்புமூக்கு ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் தரையில் முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கலாம். வந்த வழியே பின்வாங்குங்கள்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) போதும். 10x வாங்கினால் நடந்து களைத்த கையில் காட்சி ஆடும். வேனிலிருந்து பார்த்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

அடையாளத்தில் அதிகம் குழப்புவது வெள்ளைக் கொக்குகள். அளவை மட்டும் நம்பாதீர்கள், தூரம் ஏமாற்றும். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நிற்கும்போது அந்த மஞ்சள் தெரியாது, பறக்கும்போது பாருங்கள். உண்ணிக்கொக்குக்குக் குட்டையான மஞ்சள் அலகு, தடித்த தாடை. பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நத்தைகுத்தியின் இளம் பறவைக்கு அலகில் இடைவெளி இருக்காது; அதை வேறு நாரை என்று எழுதிவிடுகிறார்கள்.

எண்ணிக்கையை ஒருவர் மட்டும் குறிக்கட்டும். பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் (eBird) அந்தப் பட்டியலை மற்றவர்களுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். ஆளுக்கொன்று தனியாகப் பதிந்தால் ஒரே கூட்டம் பல முறை ஏறும். நாள் முழுவதையும் ஒரே பட்டியலாக்காமல் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வயலில் அலைவது வீண். சாப்பிட்டு ஓய்வெடுத்து, நாலரைக்குக் கரிக்கிலி ஏரிக்கரைக்கு வந்துவிடுங்கள். வயலிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்புவதை எண்ணலாம். ஆனால் அதில் பல காலையில் நீங்கள் எண்ணியவையே என்பதால் இரண்டையும் கூட்டி அன்றைய மொத்தம் என்று சொல்லாதீர்கள்.