யூபிஐ தொடங்குவது எப்படி? சொந்தக் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று முடிவானது. நூறு நாள் வேலைக் கூலியும் பென்ஷனும்கூடக் கணக்குக்குத்தான் வருகின்றன. ஆனால் பணம் ஏறிய மெசேஜ் யார் போனுக்குப் போகிறது? எத்தனையோ வீடுகளில் கணவர் போனுக்கு, இல்லையென்றால் மகன் போனுக்கு. கணக்கு அம்மா பெயரில் இருக்கும். அதில் எவ்வளவு இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. இது மாற வேண்டும். போனிலிருந்தே கணக்கைப் பார்க்கவும் பணம் அனுப்பவும் வழி செய்யும் யூபிஐ அதற்கு உதவும்.

பாஸ்புக், ஆதார், ஏடிஎம் கார்டு, உங்கள் பெயரில் வாங்கிய சிம், அந்த சிம் போட்ட ஸ்மார்ட்போன். தொடங்க இவ்வளவு போதும்.

படி 1: வங்கியில் உங்கள் நம்பர்

ஆப்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் வங்கிக்குப் போங்கள். வங்கியில் பதிந்திருக்கும் மொபைல் நம்பரை வைத்துத்தான் யூபிஐ உங்கள் கணக்கைக் கண்டுபிடிக்கிறது. அங்கே மகன் நம்பர் இருந்தால், உங்கள் போனில் என்ன செய்தாலும் கணக்கு வராது. மகன் போனில் வந்துவிடும்.

கவுண்டரில், "என் கணக்குல எந்த நம்பர் இருக்கு?" என்று கேளுங்கள். உங்களுடையது இல்லையென்றால் நம்பர் மாற்றும் படிவம் வாங்கி எழுதிக் கொடுங்கள். "பையன் நம்பரே இருக்கட்டுமேம்மா" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு உங்களுடையது, நம்பரை மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை.

வரிசையில் நின்றது நின்றாகிவிட்டது, இன்னும் இரண்டு விஷயம் கேட்டுவிட்டு வாருங்கள். ஒன்று, ஆதார் இந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதா? ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டுப் பணம் வரவில்லை என்று அலைவது இதனால்தான். இரண்டாவது, மினிமம் பேலன்ஸ் பிடிப்பார்களா? பிடிப்பார்கள் என்றால், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

படி 2: ஆப்

பீம், ஜிபே, போன்பே, எதுவானாலும் சரி. பிளே ஸ்டோரில் இருந்து மட்டும் இறக்குங்கள், வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். மொழியைத் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போன் என்றால் வங்கியில் கொடுத்த சிம்மைத் தேர்ந்தெடுங்கள். அந்த சிம்மிலிருந்து ஆப் தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்துபோயிருந்தால் அதிலேயே நின்றுவிடும், பலருக்கும் தகராறு வரும் இடம் இது. அப்புறம் வங்கியின் பெயரைத் தொட்டால் கணக்கின் கடைசி எண்கள் தெரியும். பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள்.

படி 3: பின்

பணம் அனுப்பும்போது போட வேண்டிய ரகசிய எண்தான் பின். அதை அமைக்க, ஏடிஎம் கார்டின் கடைசி 6 எண்கள், கார்டு காலாவதியாகும் மாதம், வருடம், பிறகு போனுக்கு வரும் ஓடிபி ஆகியவற்றைப் போட வேண்டும். சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும். கார்டு இல்லையென்றால் பல வங்கிகளில் ஆதார் ஓடிபி மூலமும் செய்யலாம். அதற்கு ஆதாரிலும் இதே நம்பர் இருக்க வேண்டும்.

4 அல்லது 6 இலக்கத்தில் யூபிஐ பின் கேட்கும்போது நீங்களே போடுங்கள். பிறந்த வருடம் வேண்டாம், பிள்ளைகளின் பிறந்தநாளும் வேண்டாம். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது பெற்ற மகளாகவே இருந்தாலும், அந்த ஒரு நிமிடம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள்.

படி 4: முதல் பணம்

வீட்டில் ஒருவருக்கு 1 ரூபாய் அனுப்பிப் பழகுங்கள். பிறகு பழக்கமான காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்யுங்கள். திரையில் ஒரு பெயர் வரும். கடைப் பெயராக இல்லாமல் கடைக்காரரின் மனைவி பெயராகவும் இருக்கலாம். "அண்ணே, இந்தப் பேருதானே?" என்று கேட்டுவிட்டுத் தொகை போடுங்கள். 40 போட நினைத்து 400 போட்டிருக்கிறோமா என்று பார்த்துவிட்டுக் கடைசியாகப் பின் எண்ணைப் போடுங்கள். பணம் நடுவில் சிக்கினால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். ஆப்பில் இதுவரை அனுப்பிய பணத்தின் பட்டியலைப் பாருங்கள். தோல்வி என்று காட்டினால் பிடித்த பணம் கணக்குக்குத் திரும்பிவிடும்.

பட்டன் போன்தான் இருக்கிறதா? வங்கியில் பதிந்த நம்பரிலிருந்து *99# அடியுங்கள். இன்டர்நெட் தேவையில்லை. பேலன்ஸ் பார்க்கலாம், பணமும் அனுப்பலாம்.

ஏமாறாமல் இருக்க

உங்களுக்குப் பணம் வருவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. "உரிமைத் தொகை நின்றுபோச்சு, ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள், எந்த வங்கியும் ஓடிபி கேட்காது. ஊருக்குள் கைரேகை வைத்துப் பணம் எடுப்பவர்கள் ரசீதில் இருக்கும் தொகையையும் கையில் வாங்கிய தொகையையும் அங்கேயே ஒப்பிடுங்கள். "ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க" என்றால், முதல் தடவையிலேயே பணம் பிடித்த மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். அந்த மெசேஜ் உங்கள் போனுக்கு வரத்தான் படி 1.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு, வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நடுவிலேயே முடக்க வழி இருக்கிறது.