ஏற்காடு மலையை அளவுகோலாகக் கொண்ட ஒரு பருவம்: ட்ரையத்லான் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற பருவத்தில் மூன்று ட்ரையத்லான் போட்டிகளில் கலந்துகொண்டேன். ஒன்று ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய தூரம். மற்ற இரண்டும் ஒலிம்பிக் தூரம், அதாவது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரப் போட்டிகள் இரண்டிலுமே ஆறாவது கிலோமீட்டருக்குப் பிறகு ஓட முடியாமல் நடந்தேன். பருவம் முடிந்ததும் பயிற்சிக் குறிப்பேட்டை முதலிலிருந்து புரட்டியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் "மலை" என்ற ஒற்றைச் சொல்லும் அதன் பக்கத்தில் ஒரு நேரமும் எழுதப்பட்டிருந்தன. நான் நடந்ததற்கான காரணத்தின் பெரும்பகுதி அந்தச் சொல்லில்தான் இருந்தது.

சேலத்தில் சைக்கிள் ஓட்டுபவர்கள் இருவர் சந்தித்தால் எழும் முதல் கேள்வி, "அடிவாரத்துல இருந்து மேல போக எவ்வளவு நேரம்?" என்பதுதான். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம், பாதி வழிக்கு மேல் வரும் குளிர்ந்த காற்று, மேலே போனதும் ஏரிக்கரையில் ஒரு காபி என்று அந்தப் பாதையைப் போல நிறைவளிக்கும் பயிற்சி வேறில்லை. ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வருவதால், ஒலிம்பிக் தூரப் போட்டியின் சைக்கிள் பகுதியை வாராவாரம் முடித்துவிடுகிறோம் என்ற எண்ணமும் தானாக வந்துவிடுகிறது. இந்த எண்ணமே முதல் தவறு. தூரம் ஒன்றாக இருந்தாலும் கால்கள் செய்யும் வேலை வேறு. ஏறும்போது கனமான கியரில் நிமிடத்திற்கு 60 சுற்றுக்கும் குறைவாக மிதித்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது மிதிக்கவே இல்லை. சமதளப் போட்டியிலோ 40 கிலோமீட்டர் முழுவதும் ஓய்வின்றி, குனிந்த நிலையில், எதிர்க்காற்றில் 85 முதல் 90 சுற்று வரை ஒரே சீராக மிதிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு மணி நேரத்தை நான் போட்டிக்கு முன் ஒரு முறைகூடப் பழகியிருக்கவில்லை.

இதிலிருந்து இன்னொரு தவறும் பிறந்தது. மலையிலிருந்து இறங்கி வீடு திரும்புவதற்குள் கால்கள் ஆறிவிடும் என்பதால், சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடும் பயிற்சி என் குறிப்பேட்டில் இல்லவே இல்லை. முதல் முறை அப்படி ஓடுபவருக்குத் தொடைகள் தன்னுடையவையே அல்ல என்று தோன்றும். வேகத்தைப் பற்றிய உணர்வும் பொய்யாகும். மெதுவாக ஓடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே வழக்கத்தைவிட வேகமாக முதல் இரண்டு கிலோமீட்டரை ஓடிவிட்டு, அதற்கான விலையை ஆறாவது கிலோமீட்டரில் கொடுத்தேன். இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அயோத்தியாப்பட்டணம் வழியாகக் குப்பனூர் வரை போய், மலையைத் தொடாமலேயே திரும்பி வந்து, ஷூவை மாற்றிக்கொண்டு 15 நிமிடம் ஓடினால் போதும். மலை கண்ணெதிரே நிற்கும்போது திரும்பி வருவதுதான் இதில் உண்மையிலேயே கடினமான பகுதி.

மலையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வாரத்திற்கு ஒரு முறை, எளிதான கியரில் ஏறினால் அது நல்ல பயிற்சிதான். இறங்கும்போது மட்டும் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வரக் கூடாது. சக்கரத்தின் விளிம்பை (ரிம்) அழுத்தி நிறுத்தும் ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விடுவிக்க வேண்டும். சாலையில் குறுக்கே வரும் குரங்குகளுக்கு மட்டும் எந்த விதியும் பொருந்தாது.

வெயிலைப் பற்றிய என் கணக்கும் மலையால்தான் தவறிப்போனது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. ஞாயிறு காலைக் குளிரில் பயிற்சி செய்துவிட்டு, வார நாள்களிலும் விடிவதற்கு முன் ஓடி முடித்துவிட்டு, சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் நடந்த போட்டியில் ஒன்பது மணி வெயிலில் ஓடினேன். சேலத்து வெயில் வறண்டது. அதில் வியர்வை உலர்ந்து உடலைக் குளிர்விக்கிறது. கடற்கரை ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழிந்து கீழே விழுகிறதே ஒழியச் சூட்டைத் தணிப்பதில்லை. உடல் வெப்பத்திற்குப் பழக ஏறத்தாழ 10 முதல் 14 நாள்கள் ஆகும் என்பதால், போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களிலாவது சில ஓட்டங்களை வெயில் ஏறிய பிறகு, வேகத்தைக் குறைத்து ஓடியிருக்க வேண்டும்.

எவ்வளவு குடிப்பது என்பதையும் ஊகத்திற்கு விட்டிருந்தேன். அதைக் கண்டறிய வீட்டு எடைக் கருவியே போதும். இப்போது ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பார்க்கிறேன். ஒரு மே மாதக் காலையில் 68.4 கிலோவாக இருந்த எடை 67.1 ஆகக் குறைந்திருந்தது. இடையில் அரை லிட்டர் குடித்திருந்ததால், மொத்த இழப்பு சுமார் 1.8 லிட்டர் என்று தெரிந்தது. இதை முழுமையாக ஈடுசெய்ய முயல்வதும் தவறே. ஓடும்போது வயிறு அவ்வளவையும் ஏற்காது. வெறும் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அது ஆபத்தாகவும் முடியலாம். உப்பு சேரட்டும் என்று நான் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை 750 மில்லி பாட்டிலில் கொட்டிக் கலக்கியது தனிக் கதை. செறிவு கூடிப்போன அந்தக் கரைசல் 30 கிலோமீட்டர் வரை வயிற்றில் குலுங்கிக்கொண்டே வந்தது. பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காரணம் இருக்கிறது. போட்டி நாளில் பிறர் கொடுக்கும் புதிய எனர்ஜி ஜெல்லை வாங்கி விழுங்குவதும் இதே வகைத் தவறுதான்.

நீச்சலில் நான் என்னைப் பற்றி மிக உயர்வாக நினைத்திருந்தேன். சிறுவயதில் தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவர்களுக்கு ஆழத்தைக் கண்டு பயம் வராது. ஆனால், தலையைத் தூக்கியபடியே நீந்தும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகிறது; ஒவ்வொரு வீச்சிலும் தண்ணீரை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. 25 மீட்டர் குளத்தில் 1,500 மீட்டர் என்பது 60 நீளங்கள்; ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துச் சறுக்கும்போது கிடைக்கும் சிறு ஓய்வு திறந்த நீரில் கிடையாது. அடியில் கோடும் இல்லை. வழிகாட்டும் மிதவையைப் பார்க்காமல் இருபது வீச்சு நீந்தி நிமிர்ந்தபோது, மற்றவர்களின் தொப்பிகள் எல்லாம் எனக்கு வலப்புறம் வெகு தொலைவில் தெரிந்தன. ஆறு அல்லது எட்டு வீச்சுக்கு ஒரு முறை, கண்கள் மட்டும் நீருக்கு மேல் வரும்படி பார்க்கும் பழக்கத்தைக் குளத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளலாம். அதற்காக ஏரியிலோ மேட்டூர் நீர்த்தேக்கத்திலோ தனியாக இறங்குவது அறிவீனம்.

விதிகளைப் படிக்காமல் போனதில் இழந்தது குறைவுதான், ஆனால் எரிச்சல் அதிகம். ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுப்பதற்கு முன்பே ஹெல்மெட் வாரைப் பூட்டியிருக்க வேண்டும். திரும்ப வந்து சைக்கிளை மாட்டிய பிறகே அவிழ்க்க வேண்டும். நான் ஓடிக்கொண்டே பூட்டியதை நடுவர் பார்த்துவிட்டார்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது போட்டி வாரத்தைப் பற்றியது. ஞாயிறு போட்டி என்றால் வியாழக்கிழமை விடியற்காலையில், கால்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதற்காக மலை ஏறினேன். பருவத்திலேயே என் மிகச் சிறந்த நேரம் அன்றுதான் பதிவாயிற்று. மூன்று நாள் கழித்து நடந்தேன். கடைசி வாரத்தில் செய்யும் கடும் பயிற்சியின் பலன் போட்டிக்குள் உடலில் சேராது, களைப்பு மட்டும்தான் சேரும். இப்போது அந்த வாரத்தில் பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். வேகத்தை மறக்காமலிருக்க மூன்று நான்கு முறை ஒரு நிமிடம் மட்டும் விரைந்து ஓடுகிறேன். வியாழக்கிழமை சைக்கிளைக் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, டயரில் கண்ணாடித் துகள் ஏதும் பதிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதைச் சுவரோரம் சாய்த்துவைக்கிறேன்.