கடையில் மேட்சான ஜாக்கெட் துணி வாசலில் மேட்சாகாதது ஏன்?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் அரக்குச் சேலைக்கு அரக்கு ஜாக்கெட் துணி எடுத்தாயிற்று. வெயிலுக்கு வந்து பார்த்தால் ஒன்று செங்கல் பக்கம் சாய்கிறது, இன்னொன்று கத்தரிப்பூ பக்கம். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. மாறியது வெளிச்சம்.

துணிக்கென்று தனியாக நிறம் கிடையாது. விழுகிற ஒளியில் சாயம் விழுங்கியது போக மிச்சம் திரும்பி வருவதுதான் நிறம். நம் கண்ணுக்குத் தெரிவது அலைநீளம் சுமார் 400 (ஊதா) முதல் 700 (சிவப்பு) நானோமீட்டர் வரை உள்ள ஒளி. விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்றே வகை. அவை சுமார் 420, 530, 560 நானோமீட்டர் ஒளிக்கு அதிகம் துடிக்கும். அதனால் எந்த நிறமானாலும் மூளைக்குப் போவது மூன்று அளவுகள் மட்டுமே. வேறு வேறு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் அதே மூன்று அளவைத் தந்துவிட்டால் கண் இரண்டையும் ஒன்று என்றுதான் சொல்லும். விளக்கை மாற்றினால் குட்டு உடையும்.

பருத்திச் சுங்குடிச் சேலைக்குப் பாலியஸ்டர் கலந்த துணி எடுத்தால் இந்தத் தொல்லை கூடும். பருத்தியில் ஏறும் சாயம் வேறு, பாலியஸ்டரில் ஏறும் சாயம் வேறு. காப்பிப்பொடி, சாம்பல் மாதிரி இரண்டு மூன்று சாயம் கலந்த நிறங்கள்தான் ரொம்பச் சதி செய்யும்.

கடை எல்இடி பெரும்பாலும் 450 நானோமீட்டர் நீல ஒளியும், அதில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக உமிழும் பாஸ்பர் பூச்சும் சேர்ந்தது. 480 நானோமீட்டர் பக்கம் ஒளி குறைந்து ஒரு பள்ளம் இருக்கும். 650க்கு மேல் ஆழ்ந்த சிவப்பும் குறைவு. அரக்குக்கு உயிரே அந்தச் சிவப்புதான். பழைய சிடியைச் சாய்த்து விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள்: எல்இடியில் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே மங்கல் தெரியும், பழைய சிஎஃப்எல்லில் தனித்தனிக் கோடுகள். சூரியனை மட்டும் இப்படிப் பார்க்கக் கூடாது.

இனி துணி எடுக்கும் முறை. சேலையையே கொண்டு போங்கள். செல்போன் படம் உதவாது. வெளிச்சத்துக்குத் தக்கபடி கேமரா நிறத்தைத் தானே திருத்திவிடும். ‘ராமர் பச்சை’ என்று பேர் சொல்லிக் கேட்டால் ஆளுக்கொரு பச்சையை எடுத்துப் போடுவார்கள்.

காலை 10 மணியிலிருந்து 3 மணிக்குள் வாசலுக்கு வந்து, நேர் வெயில் படாத, வானம் தெரிகிற நிழலில் பாருங்கள். சாயங்கால வெயில் மஞ்சள் ஏறியது. தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் அங்கே நிற்கவே வேண்டாம். அது ஒளிக்கே சாயம் போட்டுவிடும்.

ஜாக்கெட் துணியை நான்காக மடியுங்கள். ஒற்றையாக இருந்தால் அடியில் உள்ள நிறம் ஊடுருவித் தெரியும். கீழே வெள்ளைத்தாள் விரித்து, இரண்டு ஓரங்களையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி வையுங்கள். ஐந்து விநாடி பார்த்தால் போதும். சிவப்பை அரை நிமிடம் உற்றுப் பார்த்தால் அதை உணரும் கூம்புகள் சோர்ந்து, அடுத்த துணியில் பச்சை சாயல் ஏறிவிடும். பத்துச் சேலை விரித்துப் போட்ட மேசையில் முடிவெடுப்பது தப்பாவது இதனாலும்தான்.

அடுத்து 2700 முதல் 3000 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் பல்பின் கீழும் பாருங்கள். இரண்டிலும் பொருந்தினால் தைரியமாக வெட்டச் சொல்லலாம். ஒன்றில் மட்டும் பொருந்தினால், கட்டப்போகும் நேரத்தை யோசியுங்கள்: காலை முகூர்த்தத்துக்கு நிழல் வெளிச்சம், மாலை வரவேற்புக்கு மண்டபத்து விளக்கு.

வெள்ளைக்கு வேறு கணக்கு. சில வெள்ளைத் துணியில் சேர்க்கும் வெளுப்பூட்டி, புறஊதாவை வாங்கி நீலமாக உமிழும். எல்இடியில் புறஊதா அநேகமாக இல்லை. கடையில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு வெள்ளைகளில் ஒன்று வெயிலில் பளீரென்றும் மற்றது பழுப்பாகவும் நிற்கும்.

மயில்கழுத்துப் பட்டில் பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். அதன் உடலுக்கு மேட்சிங் தேடி அலையாமல் பார்டருக்கு எடுத்துவிடுங்கள்.