ஒரே நேரத்தில் நாலைந்து எழுத்து வேலைகள்: எங்கே பிழை வருகிறது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒருவர் "எழுதக்கூடிய ஆள்" என்று பெயர் எடுத்துவிட்டால், அவர் கையில் ஒரேயொரு வேலை இருக்கும் காலம் அதோடு முடிந்துவிடும். கும்பாபிஷேக மலருக்குத் தல வரலாறு வேண்டும் என்று கோயில் பரிபாலன சபை வரும். பாடசாலையின் பவள விழாவுக்கு ஒரு கட்டுரை. பிரதேச செயலகத்தின் கலாசாரப் பேரவை மலருக்கு ஒரு சிறுகதை. கமக்காரர் அமைப்புக்கு ஒரு திட்ட முன்மொழிவு. இடையில் ஊரில் யாராவது காலமானால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது அவருடைய வாழ்க்கை வரலாறும் குடும்பத்தார் பெயர்களும் கொண்ட நினைவு மலர். இவ்வளவுக்கும் அடியில், சொந்த விருப்பத்தில் தொடங்கிய நாவல் ஒன்று பாதியில் கிடக்கும்.

"ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடு" என்று புத்தி சொல்பவர்கள் உண்டு. வன்னியில் எழுதுகிறவருக்கு அது சரிவராது. சாவும் திருவிழாவும் வரிசையில் நின்று வருவதில்லை. நாலைந்தைச் சேர்த்துச் செய்யலாம், நன்றாகவே செய்யலாம். வேலைகளின் எண்ணிக்கை பெரிய பிரச்சினை இல்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்தும்போதுதான் காரியம் கெடுகிறது.

முதலாவது தவறு, இரண்டு வேலைகளை ஒரே கட்டத்தில் வைத்திருப்பது. தல வரலாற்றின் முதல் வரைவும் சிறுகதையின் முதல் வரைவும் மனதின் ஒரே சக்தியைத்தான் கேட்கும். காலையில் ஒன்று, பின்னேரம் மற்றது என்று பிரித்தாலும் இரண்டாவது சோர்ந்துபோன ஆளிடம்தான் வந்து சேரும். ஒன்று தகவல் சேர்க்கும் கட்டத்தில் இருக்கட்டும், ஒன்றை எழுதுங்கள், இன்னொன்றுக்குப் பிழை திருத்துங்கள். இந்த மூன்றும் ஒன்றையொன்று இடிக்காது. எழுதி அலுத்த பின்னேரத்தில் அச்சகத்திலிருந்து வந்த தாள்களைத் திருத்தலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு முதியவரோடு கதைத்துவிட்டும் வரலாம்.

ஒன்றின் நடை மற்றதற்குள் ஊறுவதும் அடிக்கடி நடக்கிறது. கல்வெட்டுக்கென்று ஒரு மொழி இருக்கிறது: "அன்னார்", "இறையடி சேர்ந்தார்", "இல்லற வாழ்வில் இணைந்து". அதை ஒரு கிழமை எழுதிவிட்டுச் சிறுகதைக்குத் திரும்பினால், கதையில் வரும் அம்மம்மாவும் இறையடி சேர்ந்துவிடுவார். திட்ட முன்மொழிவு இன்னும் மோசம். "பயனாளிகள்" என்ற சொல் கதைக்குள் வந்துவிட்டால் அந்த மனிதர்களுக்கு முகமே இல்லாமல் போய்விடும். எந்த வேலைக்குத் திரும்புகிறீர்களோ, அதில் ஏற்கனவே எழுதிய ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். நடை காதுக்குள் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது திகதிகள். எல்லாவற்றுக்கும் கடைசி நாள் உண்டு என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் முப்பத்தோராம் நாள் அசையாது. பஞ்சாங்கம் பார்த்து வைத்த கும்பாபிஷேகமும், வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் அப்படித்தான். சஞ்சிகைக்கான சிறுகதையோ இந்த இதழில் இல்லாவிட்டால் அடுத்த இதழில் வரலாம். அசையாத திகதிகளை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கல்வெட்டில் வாழ்க்கை வரலாற்றை இரண்டு நாளில் எழுதிவிடலாம். இறந்த திதியைச் செய்யுளில் சொல்லும் திதி வெண்பா எழுதத் தெரிந்தவர் கிடைத்தால் அதற்கும் ஒரு நாள் போதும். நாட்களைத் தின்பது பெயர்ப் பட்டியல்தான். மருமக்கள், பெறாமக்கள், பேரப்பிள்ளைகள், கனடாவிலும் லண்டனிலும் பிறந்த பூட்டப்பிள்ளைகள் என்று நீளும். ஒரு பெயர் விடுபட்டாலும் அந்த மனத்தாங்கல் வருடக்கணக்கில் நிற்கும். ஆகவே பட்டியலை முதற்கிழமையிலேயே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். அது சுற்றி வருவதற்குள் மற்ற வேலையைப் பார்க்கலாம்.

யாரும் கேட்காத வேலைக்குத் திகதியே இருக்காது. அதனால்தான் சொந்த நாவல் எப்போதும் அடியில் கிடக்கிறது. எல்லாம் முடித்து மிஞ்சும் நேரத்தை அதற்குக் கொடுக்க நினைத்தால், மிஞ்சுவதற்கு எதுவும் இருக்காது. மனம் தெளிவாக இருக்கும் முதல் அரைமணி நேரத்தை அதற்கே கொடுங்கள். சபைக்காரரின் மலருக்கு அரைமணி பிந்தினால் எந்த நட்டமும் வராது.

நான் மிகவும் கவலைப்படும் தவறு ஒன்று இருக்கிறது. இப்போது கையில் எடுக்காத வேலைக்கான தகவலையும் "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுவது. 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வில் கோயில் கணக்குகள், பாடசாலைப் பதிவேடுகள், குடும்பப் படங்கள், கையெழுத்துப் பிரதிகள் என்று எவ்வளவோ போய்விட்டன. பல ஊர்களில் எஞ்சியிருக்கும் ஆவணம் ஆட்களின் ஞாபகம் மட்டும்தான். எழுதுவதைத் தள்ளிப்போடலாம், கேட்பதைத் தள்ளிப்போட முடியாது. அதற்கும் பருவம் பார்க்க வேண்டும். தை, மாசியில் காலபோக நெல் அறுவடை நடக்கும்போது ஒரு கமக்காரரை இருத்திவைத்துக் கதை கேட்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்வீதிகளுக்குள் போய்வருவதே பெரும்பாடு. அறுவடை முடிந்து கை ஓய்ந்த நாட்களில் போனால் அவர்களே கதிரை இழுத்துப் போட்டு இருத்திக் கதைப்பார்கள்.

அப்படிக் கதைக்கும்போது ஒரே ஆளிடமிருந்து மூன்று வேலைகளுக்குத் தகவல் வரும். இங்குதான் கவனம் வேண்டும். கணவரின் கல்வெட்டுக்காக ஒரு அம்மா அழுதுகொண்டு சொன்னதை, அடுத்த மாதம் சிறுகதையில் ஊர்ப்பெயரை மாற்றிப் போடுவது தவறு. ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரியும். "தம்பி, இது உங்களோட இருக்கட்டும்" என்று சொன்ன விடயம் எந்தக் கொப்பிக்குள்ளும் போகக்கூடாது. மற்றவற்றுக்கு, "அம்மா, இதைக் கோயில் மலரிலயும் சேர்க்கலாமா?" என்று அந்த இடத்திலேயே கேட்டு, பதிலைக் குறிப்பின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். பல வேலை பார்ப்பவரின் மூளையில் யார் எதற்குச் சம்மதித்தார் என்பது ஒரு மாதம் கூட நிற்காது.

ஒரு வேலையை விட்டு மற்றதற்குத் தாவும் விதத்திலும் பிழை இருக்கிறது. முடிக்காத வேலையிலிருந்து எழுந்து அடுத்ததற்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டு, புதிய வேலையின் தரத்தைக் குறைக்கிறது என்பதை 2009இல் சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் பரிசோதனைகள் மூலம் காட்டினார். எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று எழுந்திருக்கும் முன் ஒரு நிமிடம் குறித்துவைத்தால் அந்த ஒட்டுதல் குறைகிறது என்பது அவரும் தெரேசா குளோம்பும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு. கொப்பியில் இரண்டு வரி போதும்: "முதல் கும்பாபிஷேகம் வரை வந்தாயிற்று. அடுத்தது தேர் செய்த ஆசாரியின் கதை."

கணனி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கோப்புறை வையுங்கள், கோப்பின் பெயரில் திகதியும் இருக்கட்டும். அச்சகம் யுனிக்கோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் கேட்டாலும் மூலப்பிரதி யுனிக்கோட்டிலேயே இருக்க வேண்டும். பாமினியில் திருத்தியதை மீண்டும் யுனிக்கோட்டுக்கு மாற்றும்போது, இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். இரண்டு பிரதிகளிலும் மாறி மாறித் திருத்தினால் எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. அன்றன்று எழுதியதை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள்.

வேலையை ஏற்றுக்கொள்ளும்போதே நடக்கும் தவறும் உண்டு. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தடியில், கோடை நெல்லான சிறுபோகத்துக்கு முன்பே கூட்டம் வைத்து, குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள். எழுதுகிறவர் மட்டும் அந்தக் கணக்கு இல்லாமல் கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிடுகிறார். மறுக்க வெட்கப்பட்டுக் கடைசிக் கிழமையில் கைவிடுவதால் சபைக்குத்தான் சங்கடம். "ஆனிக்குப் பிறகு என்றால் செய்து தருவேன், அதற்கு முதல் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கோ" என்று முதல் நாளே சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

சரி, ஏற்கனவே எல்லாம் சிக்கிப்போய்விட்டது என்றால்? கையில் உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி, திகதி அசையாதவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அசையக்கூடியவற்றுக்கு உரியவர்களுக்கு இன்றைக்கே போன் எடுத்து, நிச்சயம் காப்பாற்றக்கூடிய ஒரு புதிய திகதியைச் சொல்லுங்கள். பாதி எழுதியது இருந்தால் அதையும் கையோடு அனுப்பிவிடுங்கள். மலர்க்குழுவில் ஒருவர் அதை வாசித்துத் தகவல் பிழைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் கல்வெட்டை அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.