தலைக்கா, ஜாடிக்கா? பெங்களூரில் பூ வாங்கிக் கொடுப்பவர்களுக்கு

பெண் ஒருவருக்குப் பூ வாங்கிக் கொடுக்க நினைப்பவர், எந்தப் பூ என்று யோசிப்பதற்கு முன், அது தலையில் சூடுவதற்கா, ஜாடியில் வைப்பதற்கா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். தொடுத்த மல்லிகையை மனைவிக்கும் அம்மாவுக்கும் அக்கா தங்கைக்கும் தயங்காமல் கொடுக்கலாம். ஆனால் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் பெண்ணிடம் ஓர் ஆண் மல்லிகைச் சரத்தை நீட்டினால், அவர் நினைக்காத அர்த்தமெல்லாம் அதில் ஏறிவிடும் என்பதால், அங்கே ஜாடிப் பூதான் சரி. கணவரை இழந்தவருக்குப் பூவே கூடாது என்று நாமாக முடிவு செய்வது எனக்கு உடன்பாடில்லை. அவருடைய வழக்கம் தெரியாதபோது ரோஜாக் கொத்தாகக் கொடுத்துவிட்டால் இருவருக்கும் சங்கடமில்லை.

தலைக்கு என்றால் கே.ஆர். மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போவது நல்லது. மல்லிகை மாலையில் மலரும் பூ; ஆகவே காலையில் வாங்கும்போது மொட்டு இறுகி, வெள்ளையாக, காம்பருகில் இளம்பச்சை ஓடியதாக இருக்க வேண்டும். அப்போதே விரிந்திருக்கும் பூ இரவுக்குள் பழுப்பேறிவிடும். சரத்தின் மேற்புறத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல், இரண்டு விரலால் லேசாக விலக்கி நாரை ஒட்டிய பூக்களையும் பார்க்க வேண்டும், ஏனெனில் வாடிய பூக்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். காக்கடாவும் கனகாம்பரமும் மணத்துக்கானவை அல்ல என்றாலும், மணம் தலைவலி தரும் என்பவர்களுக்கு அவையே உகந்தவை.

அளவிலும் பெயரிலும் கன்னடம் குறுக்கே வரும். முழத்தை இங்கே ‘மொள’ என்பார்கள். விரித்த இரு கைகளின் நீளம் ஒரு ‘மாரு’. மார்க்கெட்டில் தமிழ் பேசும் கடைக்காரர்கள் நிறைய உண்டு என்றாலும், கன்னடத்தில் ‘சம்பிகே’ என்றால் செண்பகம், நம்முடைய சம்பங்கி அவர்களுக்கு ‘சுகந்தராஜ’ என்பது தெரியாமல் நான் ஒருமுறை பை நிறையச் செண்பகத்துடன் வீடு திரும்பியிருக்கிறேன். வரமகாலட்சுமி நோன்பை ஒட்டிய நாட்களில் விலை ஏகத்துக்கும் ஏறிவிடுவதால், அந்த வாரத்தில் முழத்தைக் குறைத்துக்கொண்டு தரத்தைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஜாடிக்கு என்றால், பக்கத்து ஓசூரில் விளையும் ரோஜா இருக்கவே இருக்கிறது. இதழ்கள் காம்போடு சேரும் அடிப்பகுதியை மெல்ல அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் புதிது, பஞ்சுபோல் அமுங்கினால் பழையது. வெளியிதழ் ஒன்றிரண்டு கன்றியிருப்பது குற்றமில்லை. ஆனால் வெளியிதழ்களை எல்லாம் உரித்துவிட்டு ஒல்லியாக நிற்கும் ரோஜாவை நான் வாங்குவதில்லை. லில்லி வாங்கினால் மொட்டாகவே வாங்கி, மலர்ந்ததும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பட்டுப்புடவையில் கறை நிச்சயம். வீட்டில் பூனை இருந்தால் லில்லி வேண்டவே வேண்டாம். அது பூனைக்கு விஷம்.

மல்லிகையை வாழையிலையில் சுற்றியே எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் அது வெந்துபோகும். ரோஜாவைக் கொடுக்கும்போது, காம்பின் நுனியைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளை நீக்கி, பழக்கூடையிலிருந்து தள்ளி வைக்கும்படி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பழுக்கும் மாம்பழமும் வாழைப்பழமும் வெளிவிடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரமே உதிர்த்துவிடும்.