ஆபீஸ் வேலையை ரயிலோடு இறக்கிவிடுங்கள்

கிண்டி பக்கம் வேலை முடித்து மெட்ரோவில் விம்கோ நகர் வரை திரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. ரயில் சுரங்கத்துக்குள் ஓடும்போதே நாளைக்குச் செய்ய வேண்டியதை போன் நோட்ஸில் எழுதிவிடுங்கள். மூணே வரி போதும், ஆனால் "ரிப்போர்ட் பார்க்கணும்" என்று பொதுவாக இல்லாமல் "ரிப்போர்ட்டில் மூணாவது பக்கக் கணக்கைச் சரிபார்க்கணும்" என்று காலையில் உட்கார்ந்ததும் கை வைக்கிற மாதிரி எழுதினால்தான் மனசு அதை விடும், இல்லையென்றால் ராத்திரி சோறு சாப்பிடும்போதும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம், தண்டையார்பேட்டை தாண்டி ரயில் மேலே ஏறியதும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை 8 மணி நேரத்துக்கு மியூட் போடுங்கள். "எப்போதும்" என்பதைத் தொட வேண்டாம், காலையில் முக்கியமானது தவறிப்போகும். மேலதிகாரியிடம் முன்னாடியே நேராகச் சொல்லிவிடுங்கள்: "சார், ஏழரைக்கு மேல அவசரம்னா போன் பண்ணுங்க, மெசேஜ் பார்க்க மாட்டேன்." பயப்படாதீர்கள், போன் பண்ணணும் என்றாலே பாதிப் பேர் காலையில் பார்த்துக்கலாம் என்று விட்டுவிடுவார்கள்.

ஷிஃப்ட்டில் இருக்கிறவர்களுக்கு நேரம் மாறும், முறை இதேதான். பிள்ளைகள் தூங்குவதற்குள் வீடு போய்ச் சேருகிற அந்தக் கொஞ்ச நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.