கொம்பு இடம் மாறிய மெனு கார்டு

புதுச்சேரியில் டிசைனராகச் சேர்ந்த முதல் வாரமே கைக்கு வந்தது தமிழ், பிரெஞ்சு மெனு கார்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘கொழுக்கட்டை’ என்று ஒட்டினால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. ஃபான்ட்டில் குறை இல்லை. எழுத்துகளை வரியாக அடுக்கும் கம்போசர்தான் லத்தீன் எழுத்துக்கானது. பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்ததும் சரியானது. பாராகிராஃப் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியிலேயே இதை வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பக்கத்தில் மறுபடி உடையும். பழைய ஃபைல் யூனிகோடு அல்லாத பாமினி ஃபான்ட்டில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

அச்சின் நாலு நிறங்களில், சின்ன எழுத்துக்குக் கறுப்பு 100 சதவீதம், மற்ற மூன்று நிறமும் 0. நாலு நிறத்தில் போனால் அச்சு ப்ளேட் மயிரிழை நகர்ந்தாலும் புள்ளியும் சுழியும் மங்கிவிடும். வெட்டும் ஓரத்துக்கு வெளியே விடும் ப்ளீட் 3 மி.மீ.

முகவரியில் ‘தெரு’ வேண்டாம். இங்கே நேரு வீதி, மிஷன் வீதிதான்.